ஹென்றியின் ஞான ஒடுக்கம்

ஹென்றிக்கு முப்பத்தெட்டாவது வயதில்தான் ஞானம் முளைத்தது. அதுவும் வலது கீழ்த்தாடையில், படுத்த வாக்கில். நிமிர்ந்து வர இடமில்லாமல் பக்கத்திலிருந்த கடைவாய்ப்பல்லை முட்டி முட்டி அதையும் சொத்தையாக்கிவிட்டது. தான் கெட்டது போதாமல் வனத்தையும் கெடுத்த குரங்கு என்று சொல்வார்களே, அந்த ஜாதிப் பல்.

தொண்ணூற்றேழாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி டெபோரா சுட்ட அச்சுமுறுக்கைக் கடித்தபோது ஆரம்பித்த வலி. கிராம்பு வைத்தான், உப்புத் தண்ணீர் கொப்பளித்தான், கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போனான். அங்கே அவன் ஃபிட்டர். ஆனால் ராயபுரத்தில் ஹென்றி என்றால் ஃபிட்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ட்ரம்பெட் ஹென்றி என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். சுப்புராஜ் மாஸ்டரின் பேண்டு செட்டில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அவன்தான் ஊதுவான். தான் செத்தால் ஹென்றி ஊத வேண்டும் என்று பெரிசுகள் உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார்கள். காது சுத்தமாகக் கேட்காத வியாகுலம்மாள்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

காலடிப்பேட்டையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் சண்முகவேல், எக்ஸ்ரே படத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"இது ஞானப்பல். இது பக்கத்துக் கடைவாய்ப்பல். ரெண்டையும் எடுத்துடணும். விட்டா சீழ் பிடிச்சு கழுத்துக்கு இறங்கும். அப்புறம் உயிருக்கே ஆபத்து."

"எடுத்துடுங்க சார்" என்றான் ஹென்றி. அந்த நிமிஷம் வரை அவன் தைரியசாலிதான்.

"ஒண்ணு சொல்லிடறேன். கீழே கோடு மாதிரி ஓடுது பாருங்க, அது நரம்பு. பல்லோட வேர் சரியா அதுமேலதான் படுத்திருக்கு. எடுக்கும்போது நரம்பு நசுங்கினா கீழுதடு மரத்துப் போகலாம். நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு அப்படி ஆகும். அதுலயும் பாதிப் பேருக்கு சில மாசத்துல சரியாயிடும்."

"மீதிப் பேருக்கு?"

"பழகிடும். சாப்பிடலாம், பேசலாம். தண்ணி வழிஞ்சா தெரியாது, அவ்வளவுதான்."

ஹென்றி கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தான். "ஊதலாமா சார்?" என்று கேட்டான்.

"ஊதறதா? பல்லுக்கு மட்டும் இல்ல, நுரையீரலுக்கும் கேடு. இன்னையிலேருந்து விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பற்றவைக்காத ஹென்றி, சரி சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். விளக்கம் சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் சிரிப்பார் என்று தோன்றியது. பல்லா ட்ரம்பெட்டா என்று கேட்டால் படித்தவன் எவனும் பல்லைத்தானே பார்க்கச் சொல்வான்! ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு உதடு இல்லையென்றால், அது வெறும் பித்தளைக் குழாய்.

வீட்டில் டெபோராவிடம் பாதியைத்தான் சொன்னான். ரெண்டு பல்லை எடுக்க வேண்டும், அதற்கு மயக்க ஊசி போடுவார்கள், அதற்கென்று தனி டாக்டர் வரும் நாளைப் பார்த்து போன் பண்ணுவார்கள். உதட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்குப் பதிலாக, பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று தெருவில் யாரோ சொன்னதை எடுத்துவிட்டான்.

"கீழ்ப் பல்லுக்கும் கண்ணுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" என்றாள் டெபோரா. அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்கு காஜா எடுக்கிறவள். "நான் ஒரு நாளிக்கு எத்தினி ஊசிகூட மல்லாடறேன். ஒரே ஒரு ஊசிக்கு பயந்துகினு கண்ணு மூக்குன்னு பீலா வுடறியே, வெக்கமா இல்ல?"

"யாரு பயந்தது?"

"பின்ன? வலி தாங்காம ராத்திரி பூரா பொரண்டுகினு கீற. ஆஸ்பத்திரின்னா மட்டும் மூஞ்சி சுண்டிப்போவுது."

அவள் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குழாயடியிலும் சொன்னாள், கோயில் வாசலிலும் சொன்னாள். எங்க வூட்டு ஆளு ஊசின்னா நடுங்குவாரு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஹென்றி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான் என்று எழுதலாம். ஆனால் அவனால் பல்லைக் கடிக்க முடியவில்லை.

நரம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டால் பேச்சு நின்றிருக்கும். ஆனால் சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டான். 'ஊதறதெல்லாம் ஒரு பொழப்பா?' என்று கேட்பாள். ஊரில் யார் கேட்டாலும் தாங்கிக்கொள்வான். அவள் வாயால் கேட்டால் தாங்காது.

இப்படியே தவக்காலம் வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் நோன்பு. வருஷா வருஷம் இந்த நாட்களில் பங்குக் கோயிலில் 'ஞான ஒடுக்கம்' என்று ஒன்று நடக்கும். வீடு, வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று நாள் தியான இல்லத்தில் தங்கி, யாரோடும் பேசாமல் ஜெபத்தில் இருப்பது. இந்த முறை ஆண்களுக்கு கத்திவாக்கத்தில், கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில், சனிக்கிழமை ஆரம்பம் என்று பூசையில் அறிவித்திருந்தார்கள். ஹென்றி அதைக் காதில் வாங்கவில்லை. பிரசங்க நேரத்தில் அவன் எப்போதும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்பான்.

அந்த வியாழக்கிழமை, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. தெருவுக்கே அந்த நம்பர்தான். பூத் வைத்திருந்த அடைக்கலமேரிதான் எடுத்தாள். ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரம். போனில் கிளினிக் நர்ஸ் சொன்னது இதுதான்: ஹென்றிக்கு ஞானப்பல் இருக்கிற இடம் ஒடுக்கமாக இருக்கிறது, அதனால் நர்சிங் ஹோமில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு, மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வரவேண்டும்.

அடைக்கலமேரி காதில் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, விழாததைத் தானே நிரப்பிக்கொண்டு, தெருவே கேட்கக் கத்தினாள்.

"டெபோரா! இன்னாடி உன் வூட்டுக்காரு சொல்லவே இல்ல! ஞான ஒடுக்கத்துக்குப் பேரு குட்த்துகீறாராமே! சனிக்கெழம காலைல ஏழு மணிக்கு, நாஸ்தா துன்னாம, மூணு நாளு லீவு போட்டுட்டு வரணுமாம்!"

"யாருக்கா சொன்னது?"

"சிஸ்டரு சொன்னாங்க."

யாரால் சந்தேகப்பட முடியும்? டெபோரா வாயில் கை வைத்துக்கொண்டு ஹென்றியைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த ஹென்றிக்கு, எந்த சிஸ்டர், என்ன ஒடுக்கம், ஏன் வெறும் வயிறு என்பதெல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

"ஆமா. பேரு குட்த்துகீறேன்" என்றான்.

டெபோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாலு வருஷமாக சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவன் ஞான ஒடுக்கத்துக்குப் போகிறான். பல்வலியில் ஆண்டவர் அவனைத் தொட்டுவிட்டார் என்று நினைத்தாள். ஊசிக்குப் பயந்தவன் என்று ஊரெல்லாம் சொன்னதற்காக அன்று ராத்திரி மன்னிப்புக்கூடக் கேட்டாள். ஹென்றிக்கு அது ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, காலடிப்பேட்டையில் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்த நேரத்தில், ஹென்றி பஸ்ஸில் காலடிப்பேட்டையைத் தாண்டி கத்திவாக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

தியான இல்லம் அமைதியாக இருந்தது. பேசக்கூடாது என்ற சட்டம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மத்தியானம் தாடை கனத்தது. சாயங்காலம் கன்னம் வீங்கியது. எல்லோரும் பாடும்போது பாடவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் கஞ்சித் தண்ணீரை மட்டும் பல்லிடுக்கில் உறிஞ்சினான். மற்றவர்கள் மெதுவாகத் தங்களுக்குள் கிரிக்கெட் பேசிக்கொண்டபோதும் இவன் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பார்த்தவர்களுக்கு மனசு உருகிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். "நம்ம மத்தியில ஒருத்தர் ரெண்டு நாளா வாயைத் திறக்கல. உணவைத் தொடல. பாவத்துக்காக அழுதா எப்படி அழணும்னு அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க."

பத்து நிமிஷம் கழித்து நன்மை என்னும் திருவுணவை வாங்கும் வரிசையில் ஹென்றி அவர் முன்னால் வந்து நின்றான். சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். அதற்கு ஆமென் என்று சொல்லி வாயைத் திறக்க வேண்டும்.

"ம்" என்றான் ஹென்றி.

சாமியார் காத்திருந்தார். "வாயைத் திறப்பா."

ஹென்றி திறந்தான். தீக்குச்சி நுழைகிற அளவுக்குத் திறந்தது. சாமியார் குனிந்து பார்த்து, கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது. அதற்குப் பிறகு பூசையைக் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டபோது ஹென்றியால் பேச முடியவில்லை. பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். பல், டாக்டர், போன், சிஸ்டர், ஒடுக்கம், தெரிந்தே வந்தது, அத்தனையும். உதட்டை மட்டும் எழுதவில்லை. சாமியார் ரெண்டு தடவை படித்தார்.

"ஆண்டவருக்குப் பயந்து ஒளிஞ்சவங்களை பைபிள்ல நிறையப் படிச்சிருக்கேன். பல்லுக்குப் பயந்து ஆண்டவர்கிட்ட ஒளிஞ்சவனை இப்பதான் பார்க்கிறேன். ஏறு வண்டியில" என்றார்.

நர்சிங் ஹோமில் சேர்த்து, பூத்துக்கு போன் பண்ணியதும் அவர்தான். டெபோரா வருவதற்குள் ஹென்றிக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். தாடைக்குக் கீழே கழுத்து கல் மாதிரி இறுகியிருந்தது. கூடவே வந்த அடைக்கலமேரி நர்ஸோடு சண்டைக்கு நின்றாள். "நீ ஒடுக்கம்னு சொன்ன, நான் ஒடுக்கம்னு சொன்னேன். எம்மேல இன்னா தப்பு?" என்றாள். தப்பு இருவர் மேலும் இல்லைதான். மருந்து ஏற்றி ஒரு ராத்திரி பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"இனிமே ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. மூச்சுக்குழாயை அடைச்சுடும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கோங்கம்மா. வேர் நரம்பு மேல இருக்கு. கீழுதடு மரத்துப் போகலாம். நிரந்தரமாவும் போகலாம். இதெல்லாம் அவர்கிட்ட ஜனவரியிலேயே சொல்லிட்டேன்."

டெபோரா காகிதத்தையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"உதடா?" என்றாள். "இதுக்கா இத்தினி நாளு கண்ணு மண்ணுன்னு சொல்லிகினு இருந்த?"

ஹென்றி தலையாட்டினான்.

"எங்கையில சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

எக்ஸ்ரே கவரின் மேலே அவன் எழுதினான். 'ஊதறது ஒரு பொழப்பான்னு நீ கேட்டுடுவ.' காய்ச்சலில் எழுத்து கோணல் மாணலாக ஓடியது. டெபோரா எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அட பாவி மனுசா! நீ ஊதறத கேட்டுதான்யா உன்னக் கட்டிகினேன். பின்ன, உம் மூஞ்சியப் பாத்தா கட்டிகினேன்?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னாய்யா பண்ணட்டும்? சொல்லு. நீ வாணாம்னா வாணாம். இட்டுகினு பூட்றேன்" என்றாள் டெபோரா.

ஹென்றி ரெண்டு கையையும் விரித்தான். உன் இஷ்டம் என்பது போல. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று மாசமாகத் தன்னால் முடியாத ஒரு முடிவை ஒரே நிமிஷத்தில் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டான். அதைப் போலக் கோழைத்தனமான காரியம் வேறு உண்டா? ஊசிக்கு நடுங்குகிறவன் இவனைவிட மேல்.

டெபோரா நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள். பேரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினாள்.

ரெண்டு பல்லும் வந்துவிட்டன. காய்ச்சல் விட்டது, கழுத்து இளகியது. உயிர் பிழைத்தான், அதில் சந்தேகமில்லை. பத்தாம் நாள் வீக்கம் வடிந்து வாய் திறந்தபோது, வலது பக்கக் கீழுதடு அவனுடையதாக இல்லை. காபி வழிந்தால் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். ட்ரம்பெட்டை எடுத்து வைத்துப் பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது. ஓரத்தில் எச்சில் வழிந்தது. உறையில் போட்டு மூடி பரண்மேல் வைத்தான்.

"ஆறு மாசம் பொறுங்க" என்றார் டாக்டர். நரம்பு தேறுகிறதா என்று பார்க்க டெபோராவுக்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். பஞ்சைத் திரி மாதிரி திரித்துக்கொள்ள வேண்டும். அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உதட்டில் லேசாகத் தொட வேண்டும். தொட்டது தெரிந்தால் அவன் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து தினம் காலையில், அவன் வேலைக்குக் கிளம்பும் முன்னால், இது ஒரு பூசை மாதிரி நடந்தது. ஹென்றி முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். அவள் எதிரில் மண்டியிட்டுத் தொடுவாள்.

"இப்ப?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

ஈஸ்டர் போயிற்று. மே மாதம் போயிற்று. ஜூனில் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. சுப்புராஜ் மாஸ்டர் புளியந்தோப்பிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து ஊத வைத்தார். அந்த ஆள் நன்றாகவே ஊதினான், சும்மா சொல்லக்கூடாது. ஹென்றி வாசற்படியில் நின்று, ஊர்வலம் முனை திரும்பும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். இடது கைவிரல்களை இறுக மூடியிருந்தான். வலது கையின் மூன்று விரல்கள் மட்டும், ட்ரம்பெட்டின் கட்டைகளை அழுத்துவது போல, தொடைமேல் தானாக அழுந்தி எழுந்தன. டெபோரா அதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் சோறு சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "கையெழுத்து போட்டேனே, இந்தக் கை. அப்பவே ஒடிஞ்சி வுழுந்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"பைத்தியமாடி நீ? நீ போடலன்னா நான் கல்லறையிலதான் கெடந்திருப்பேன்."

"உயிர வெச்சிகினு ஊமையா நிக்கிறியேய்யா. உன்ன அப்டி பாக்க முடியல என்னால."

ஹென்றி தன் உதடு போன துக்கத்தில் மூன்று மாசம் இருந்துவிட்டான். அவள் நெஞ்சில் தான் தூக்கி வைத்த கல்லை அன்றுதான் பார்த்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எதிரில் அவள் மண்டியிட்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஆயிற்று. ஹென்றி தலையைச் சட்டென்று நிமிர்த்தினான்.

"கீது!" என்றான்.

டெபோரா நிமிர்ந்து பார்த்தாள்.

"மெய்யாலுமே கீது டெபோரா. லேசா, எறும்பு ஊர்ற மாதிரி. இதோ, இந்த எடத்துல தொட்டியே. தெரியுது எனக்கு" என்று, செத்த உதட்டின் நடுவில் விரலை வைத்துக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

டெபோராவின் கை அவள் மடியில் இருந்தது. பஞ்சை அப்போதுதான் திரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்டியா?" என்றாள். "நான் சொல்லல, தேறிடும்னு? கண்ணத் தொறந்துடாத. இன்னும் முடியல."

அந்தப் பஞ்சால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.